நாற்பத்தொன்றாம் பக்கத்துக் காவலாளி

பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கிளை நூலகத்தில் சிறுவர் பிரிவு. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், ஒரு காலத்தில் உதிரிபாகக் கிடங்காக இருந்த கட்டடம் அது. மாடியில் பெரியவர்கள், கீழே சின்னவர்கள். பிற்பகலில் பணிமனையில் வண்டிகளைக் கிளப்பிச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தப் புகை நேராக என் ஜன்னலுக்குத்தான் வரும். பத்தொன்பது வருஷமாக அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று எந்தப் பிள்ளையிடமும் நான் கேட்பதில்லை. கேட்டால் அது பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "அறிவியல்" என்று சொல்லும். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடினாய், எந்த இடத்தில் மூடினாய் என்று கேட்பேன். அதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். "ராஜா வந்ததும் மூடிட்டேன் மிஸ்" என்றான் ஒருவன். அவனுக்கு ராஜாக்களே இல்லாத மாயக்கதைகளாகத் தேடித் தேடி ஆறு மாதம் ஓட்டினேன். வரி வரியாக இருந்தால் தூக்கம் வருகிறது என்கிறவர்களுக்குச் சித்திரக்கதை. எதைச் சொன்னாலும் "நிஜமா நடந்ததா?" என்று மடக்குகிறவர்களுக்கு வரலாறு. எந்தப் புத்தகமாக இருந்தாலும் ஒரு பக்கத்தைச் சொல்லி அனுப்புவேன். "பதினேழாம் பக்கத்தப் பாரு" என்றால் போதும், வாசற்படி இறங்குவதற்குள் பிரித்துவிடுவார்கள்.

நீண்ட விடுமுறைக்கு முன்னால் பரிந்துரைப் பட்டியல் ஒன்றும் தயாரிப்பேன். மாயக்கதை, சித்திரக்கதை, வரலாறு என்று மூன்று பிரிவு, இரண்டு தாள். ஏழு பள்ளிகளுக்குப் போகும். ஆசிரியர்கள் அதில் ஒரு வரியைக்கூட மாற்றமாட்டார்கள். அவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது.

அந்த வருஷம் விடுமுறை தொடங்கிய வாரத்தில் தையல்காரம்மா தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவின் கோடியில், அடுக்குக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, குண்டானவர்களுக்குத் தையல் பிரித்துக் கொடுப்பது என்று உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறவர். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதோடேயே பேசுவார். அவர் கணவர் நீராவிச் சலவையகத்தில் வேலை பார்த்தார். மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இருந்து வரும் விரிப்புகளை உருளை இயந்திரத்தில் தேய்த்து மடிக்கிற வேலை. மகளுக்கு உறுப்பினர் அட்டை வாங்கக் கையெழுத்துப் போட வந்த ஒரே ஒரு முறை அவரைப் பார்த்திருந்தேன்.

மகளுக்கு வயது பன்னிரண்டு. நோண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் பேனாவைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அது ஐந்து துண்டாகி மேஜைமேல் கிடக்குமாம். கேள்விகளும் அப்படித்தான். பறக்கும் நாகங்கள், பேசும் ஓநாய்கள், கதவைத் திறந்தால் வேறு உலகம் என்று எங்கள் மாயக்கதை அலமாரியை இரண்டு முறை முடித்திருந்தாள்.

"மேடம், இவ இந்த உலகத்துலயே இல்ல" என்றார் அம்மா. "பால் வாங்கிட்டு வாடின்னு அனுப்பினா, போற வழியில ஒரு ராஜ்யத்தப் புடிச்சுட்டு வந்து நிக்கிறா. பாலத்தான் காணோம். கொஞ்சம் நிஜமா நடந்தது ஏதாவது குடுங்க."

நோண்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நிஜமாக நடந்தது என்றால் பாடப்புத்தகம் என்று அவளுக்குள் ஒரு முடிவு இருந்தது. நான் அலமாரியில் இருந்து சிவப்பு அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஆலைகளின் வரலாறு, முழுக்கச் சித்திரக்கதையாக. எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வரைந்தவர் ஓர் இளைஞர். பட்டியலில் வரலாறு என்ற தலைப்பின் கீழ் அதைத்தான் முதலில் போட்டிருந்தேன்.

"நாப்பத்தொன்னாம் பக்கத்தப் பாரு. சிரிப்பு வரும்" என்றேன்.

அந்தப் பக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் தீப்பிடிக்கிறது. ஆறு கட்டங்கள். தொப்பையும் முறுக்கு மீசையுமாக ஒரு காவலாளி, பெரிய சாவிக்கொத்து இடுப்பில் குதிக்க ஓடுகிறான். ஒரு செருப்பு வானத்தில். வியர்வைத் துளிகள் அவனைவிட முன்னால் ஓடுகின்றன. கடைசிக் கட்டத்துக்குக் கீழே, "பக்கவாட்டுக் கதவின் சாவியோடு காவலாளி ஓடிவிட்டான்" என்று ஒரு வரி. பக்கத்தைத் திருப்பினால் கறுப்பு. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒன்பது உருவங்கள். சிரித்துக்கொண்டே திருப்புகிறவர்கள் அங்கே வெட்கப்பட வேண்டும் என்பது ஓவியரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். நானும் அந்த இடத்தில் சிரித்து, வெட்கப்பட்டுத்தான் புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வர வேண்டிய புத்தகம் வரவில்லை. நோண்டி வெறுங்கையோடு வந்தாள்.

"அப்பா எடுத்து வெச்சுக்கிட்டாரு மிஸ்."

"படிக்கிறாரா?"

"ஒரே பக்கத்தப் படிக்கிறாரு."

அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை. வேறு புத்தகம் தரட்டுமா என்றேன். வேண்டாம், அதில் இன்னும் பாதி இருக்கிறது என்று போய்விட்டாள். அந்த வருஷம் வெயில் சுட்டெரித்தது. பிள்ளைகள் புத்தகத்துக்கு வருகிறார்களா, மின்விசிறிக்கு வருகிறார்களா என்று சொல்ல முடியாத கூட்டம். நானும் அதை மறந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்துத் தையல்காரம்மா வந்தார். வாயில் ஊசி இல்லை. வீட்டில் நடந்ததை நின்றபடியே சொன்னார். ஒரு சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மகள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, வீட்டுச் சாவியை இடுப்பில் செருகி, ஒரு செருப்பை உதறிவிட்டு, அறையைச் சுற்றி ஓடிக் காட்டியிருக்கிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த தையல் கோணிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்காமல், யார் அது என்று கேட்டிருக்கிறார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. சலவையகத்தில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. காய்ச்சலும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், ஒன்றுமில்லை.

"அதுல என்ன மேடம் இருக்கு? நான் நாலு தடவ புரட்டிட்டேன். ஒரு தொப்பக்காரன் ஓடுறான், அவ்வளவுதான். அதுக்காக ஒரு மனுஷன் சோறு தண்ணி இல்லாம உட்காருவாரா?"

எனக்கும் விளங்கவில்லை. ஆலை வேலை பார்த்தவரா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் வேறு ஊரில் ஏதோ ஆலையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார், அது மூடிவிட்டதாம், அதற்குமேல் தானும் கேட்டதில்லை என்றார். அவரை ஒரு நடை இங்கே அனுப்புங்கள், புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள் என்றேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். தொப்பை இல்லை. மீசையும் இல்லை. வருஷக்கணக்காக நீராவியில் இருந்த கைகள் வெளுத்து, நீரில் ஊறிய மாதிரி இருந்தன. முழங்கைவரை ஒரு முடி இல்லை. பெரியவர்கள் உட்கார நாற்காலி எடுத்துப் போடுவதற்குள், பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன. புத்தகத்தைத் துணிப்பையில் இருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். விரிப்பு மடிக்கிறவர் என்பது அதை வைத்த விதத்தில் தெரிந்தது. விளிம்பும் விளிம்பும் சேர்ந்து நின்றது.

"இத வரைஞ்சவருக்கு யார் சொன்னது மேடம்?"

"விசாரணை அறிக்கையப் பாத்துத்தான் எழுதினோம்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்காங்க."

"அறிக்கையில ஓடிட்டான்னு இருக்கா?"

"அப்படித்தான் இருக்கணும்."

அட்டையின் மேல் கையை வைத்தார். "நான் ஓடல" என்றார்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பிடிபட்டதும், அடுத்து என்ன வரும் என்றும் நினைத்துக்கொண்டேன். புத்தகத்தைப் பற்றிச் சண்டைக்கு வந்த பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சூனியக்காரி இருக்கிறாள், முத்தம் இருக்கிறது, எங்கள் ஆட்களைக் கேவலப்படுத்தியிருக்கிறது என்று வருவார்கள். எல்லோருக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன்: பதிப்பகத்துக்கு எழுதுகிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஓடியிருந்தாத் தேவல மேடம்" என்றார் அவர். "நான் அங்கயேதான் நின்னேன். சாவி என் கையில இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் சொன்னது நீளமானது. நிறுத்தி நிறுத்தி, சில இடங்களில் திரும்பப் போய், இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அப்போது வயது இருபத்தொன்று. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். பொட்டலம் கட்டும் கூடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு. சரக்கு வெளியே போகிறது என்று வேலை நேரத்தில் அதை வெளிப்புறமாகப் பூட்டி வைப்பார்கள். சாவி காவலாளியிடம். ஒரு பிற்பகலில் உள்ளே புகை வந்தது. மேற்பார்வையாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசி பேச ஓடும்போது இவரைப் பார்த்து, நான் வந்து சொல்கிறவரை திறக்காதே, கலவரத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் திரும்பி வரவில்லை. இவர் நின்றார். உள்ளே இருந்து தட்டினார்கள். நின்றார். ஒரு டம்ளர் தேநீரை ஆறவைத்துக் குடிக்கிற நேரம் இருக்கும் என்றார். தட்டும் சத்தம் குறைந்தபோதுதான் சாவியைப் போட்டிருக்கிறார். சூட்டில் பூட்டு இறுகிவிட்டிருந்தது.

"மறுநாள்தான் ஓடினேன்" என்றார். "அன்னைக்கு ஓடல."

வெளியே ஒரு வண்டி இருமி இருமிக் கிளம்பியது. புகை உள்ளே வந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்; எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. திரும்பி வந்து, பட்டியலில் இருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துவிடுகிறேன், பள்ளிகளுக்குப் புதுத்தாள் அனுப்பிவிடலாம் என்றேன். அவருக்காகச் சொன்னேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார், சிரிப்பு வரும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியனுப்பியது நான். அந்தச் சொல் அழிந்துபோக வேண்டும் என்ற ஆசைதான் அதில் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

"எடுக்காதீங்க. செத்தவங்க அதுலதான இருக்காங்க" என்றார். "திருத்தச் சொல்லுங்க. நின்னான்னு போடச் சொல்லுங்க."

அவர் மறுநாளில் இருந்து வேலைக்குப் போனார். தையல்காரம்மா என்னிடம் வந்தார். கணவர் அவரிடமும் சொல்லிவிட்டிருக்கிறார். இந்த முறை உட்கார்ந்தார். நான் அந்தப் புத்தகத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் இல்லை என்று சொன்னார். நிஜமாக நடந்தது வேண்டும் என்று கேட்டது தான்தான் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். பதினாலு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர் என்றார். இவர் எதற்காக எந்தக் கதவையும் சாத்திப் படுக்க விடமாட்டேன் என்கிறார் என்று எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன் என்றார்.

"ஓடிப்போயிட்டான்னா பயந்துட்டான்னு முடிஞ்சிரும் மேடம். யாரா இருந்தாலும் ஓடத்தான செய்வாங்க. நின்னுக்கிட்டே இருந்தான்னு சொன்னா..." அதை அவர் முடிக்கவில்லை. "எதுக்கு இப்ப போய்த் திருத்தணும்? யாரு கேட்டா? பழசக் கிளறினா உள்ள தூக்கி வெச்சுர மாட்டாங்களா?"

அந்தப் பயம் நியாயமானது. அதையும் அவர் கணவரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். வைத்தால் வைக்கட்டும் என்றாராம். மகளிடம் தானே சொல்லப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார். "நீங்களும் வந்து இருங்க. நீங்க குடுத்த புத்தகம்" என்றார் தையல்காரம்மா. கோபமாகச் சொன்னாரா, துணைக்குக் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. போனேன்.

பள்ளி திறக்கப்போகிற சமயம். முன்னறை முழுக்கச் சீருடைகள். கால்சட்டைகள் நாற்காலிமேல், பாவாடைகள் கதவுமேல், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட நீலத்துணி. உட்கார இடம் பண்ணிக்கொடுத்தார்கள். அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டோம். நோண்டி, மிஸ் வீட்டுக்கு வந்திருப்பதில் பெருமைப்பட்டு, ஏதேதோ பேசிக்கொண்டே சாப்பிட்டாள். தட்டுகளை எடுத்த பிறகு அவர் மகளை எதிரே உட்காரச் சொன்னார். சுற்றிவளைக்கவில்லை.

"கண்ணு, அந்தப் புத்தகத்துல ஓடுறானே காவலாளி, அது நான்தான்."

அவள் சிரித்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

அவர் என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார், இன்னும் சுருக்கமாக. அவள் பேனாவைப் பிரிக்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"சாவி உங்க கையிலயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கதவு எவ்வளவு தூரம்?"

"இதோ, இங்க இருந்து அந்த மெஷின் தூரம்."

"அவங்க கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"என்னன்னு?"

"பேரச் சொல்லி. மதியம் சாப்பாட்டுக்கு உக்காரும்போது எனக்கும் பிரிச்சு வெப்பாங்க. எல்லாருக்கும் என் பேரு தெரியும்."

"அப்ப ஏன் திறக்கல?"

"திறக்காதேன்னு சொன்னாரு."

"சொன்னா?"

"அதுதான் கண்ணு. அதுக்கு மேல எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்லிருவேன்."

தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கால்சட்டையை எடுத்து மடித்தார். திரும்பப் பிரித்தார். நோண்டி எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. சுவரோரம் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டாள், கேட்டால் தலையாட்டினாள். அப்பா என்ற சொல்லை வீட்டில் யாரும் கேட்கவில்லை என்று தையல்காரம்மா சொன்னார். அவரும் அவளை எதற்கும் வற்புறுத்தவில்லை. காலையில் போனார், விரிப்புகளைத் தேய்த்தார், வந்தார். மழை தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் சலவையகத்துக்கு இரட்டை வேலை. வீடுகளில் துணி காயாமல் ஊரே அங்கே கொண்டுவந்து கொட்டும். ஆள் இல்லாத உருளைக்கெல்லாம் அவரே நின்றார்.

நான் பதிப்பகத்துக்கு எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, அவர் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டார். எழுதிய ஆசிரியையே பதில் போட்டார். தவறுக்கு வருந்துவதாகவும், தான் நேரில் வர விரும்புவதாகவும் எழுதியிருந்தார். இதற்கிடையில் நோண்டியின் அப்பா ஒரு நாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், இதையே ஒரு வாக்குமூலமாகக் கொடுத்தார். மனைவி பின்னாலேயே போனார், கைப்பையில் மாற்று உடை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு. அங்கிருந்த எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு, இந்தக் கோப்பு எப்போதோ மூடியாகிவிட்டது என்றாராம். பிறகு ஒரு முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார். யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. இறந்த ஒன்பது பேரின் குடும்பங்களில் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்டதற்கு, அது எங்கள் வேலை இல்லை என்றார்கள். அதை ஆசிரியை தேடித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நோண்டி நூலகத்துக்கு வந்தாள். ஐந்து வாரம் கழித்து. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், பயந்துபோய் சும்மா நின்னவங்களப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்கா?"

"எப்படி?"

"கெட்டவங்க இல்ல. ஆனா நல்லதும் செய்யல. சும்மா நின்னுட்டாங்க. அப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு இருக்கணும்."

பார்க்கிறேன் என்று எழுந்தேன். இது என் தொழில். ராஜா இல்லாத கதை கேட்டவனுக்கும் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். மாயக்கதை அலமாரியில் தொடங்கினேன். அங்கே கதவு என்று ஒன்று வந்தால் யாராவது திறந்துவிடுகிறார்கள். திறக்காதவன் கடைசியில் கல்லாகிறான், அல்லது அரக்கன் என்று தெரியவருகிறது. சித்திரக்கதைகளில் நிற்கிறவனை வரையவே மாட்டார்கள். ஓடுகிறவனும் குதிக்கிறவனும்தான் கட்டத்துக்குள் அழகாக வருகிறார்கள். வரலாற்றில் ராணுவங்கள் நின்றன, ஊர்கள் நின்றன. ஓர் ஆள் தனியாக நின்றால் அவன் வீரனாக இருந்தான். ஒரு மணி நேரம் தேடினேன். மாடிக்குப் போய்த் தலைமை நூலகரிடமும் கேட்டேன். அவர் மூன்று பெயர் சொன்னார். மூன்றும் பெரியவர்களுக்கானவை. அதிலும் இரண்டில் அவன் சாகிறான்.

அவள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்து, முப்பதாம் பக்கத்தைப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கையில் ஒரு புத்தகம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"என்கிட்ட இல்ல" என்றேன்.

"ஒன்னுகூடவா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அலமாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இத்தனை இருந்தும் இல்லையா என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கேட்ட புத்தகம் என்னிடம் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை.

புதிய பதிப்பு வர இன்னும் எட்டு மாதம் பிடித்தது. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆசிரியையும் ஓவியரும் வந்தார்கள். ஆசிரியை உட்கார்ந்து நோண்டியின் அப்பா சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். நான்கு குடும்பங்களின் விலாசம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வீட்டில் உங்களைப் பார்க்க விரும்பவில்லை, ஒரு வீட்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள், மற்ற இரண்டில் இருந்து பதில் இல்லை என்றார். வரச் சொன்ன இடத்துக்குப் போகிறேன் என்று அவர் உடனே சொன்னார். தையல்காரம்மா, நானும் வருவேன் என்றார்.

ஓவியர் கூச்சப்பட்டவர். தான் வரைந்த தொப்பைக்கும் மீசைக்கும் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவரை நேரில் வரைந்துகொண்டு, அதில் இருந்து இருபத்தொரு வயதுப் பையனைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். பக்கத்தில் எழுத்தே இருக்காது. ஒரே ஆள், ஒரே கதவு, ஆறு கட்டத்திலும் அதே நிற்பு. தையலுக்கு வந்திருந்த துணிகளை ஒதுக்கி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் இடம் பண்ணினார்கள். ஓவியர் தன் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார்.

"வலது கையில பிடிச்சுக்கங்க சார். வெளிச்சம் அந்தப் பக்கந்தான் வருது."

அவர் வாங்கி வலது கையில் பிடித்துக்கொண்டார். கதவைப் பார்த்தபடி நின்றார். ஓவியர் தாளில் கோடு போட ஆரம்பித்தார். பென்சில் சத்தமும் மழைச் சத்தமும்தான். அவர் இம்மியும் அசையவில்லை. அவ்வளவு நன்றாக நின்றதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

உள்ளறை வாசலில் நோண்டி வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"அது தப்பு" என்றாள்.

ஓவியர் திரும்பிப் பார்த்தார். "எதும்மா?"

"எங்கப்பாவுக்கு இடது கை. பூட்டுறது, திறக்கிறது எல்லாம் இடது கையாலதான். நீங்க வலதுன்னு சொன்னீங்க, அவரு வலதுல பிடிச்சுட்டாரு." அவள் ஓவியரை நேராகப் பார்த்தாள். "இல்லைன்னு சொல்ல அவருக்கு வராது. நீங்கதான் கேட்கணும்."

ஓவியர் அவரைப் பார்த்தார். அவர் மகளைப் பார்த்தார். ஏழு வாரம் கழித்து அப்பா என்ற சொல்லைக் கேட்டவருடைய முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்றுதான் சொல்வேன்.

"அவ சொல்றது சரிதான்" என்றார். சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஓவியர் அதுவரை வரைந்த தாளைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, புதுத்தாளில் ஆரம்பித்தார். நோண்டி துணிக்குவியலைத் தாண்டிக் குதித்து வந்து ஓவியருடைய தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தாளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தபடி, விரல்கள் சாவியைப் பிடித்திருக்கும் விதத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.